துடக்குக் கிணறு

யாழ்ப்பாணம் போகிறேன் என்றதும் மன்னார்குடிக் கடைத்தெருவில் ஆளுக்கொரு வேலை கொடுத்தார்கள். ஒருவருக்குச் சுருட்டுக் கட்டு வேண்டும். ஒருவருக்குப் பனங்கற்கண்டு. அடுத்த கடைச் செட்டியாருக்கு அங்கே விளையும் கறுத்தக்கொழும்பு மாங்கன்று வேண்டுமாம், அதுவும் வேரோடு, மண்ணோடு. என் தம்பி நடராஜன் அங்கே காய்ச்சலில் கிடக்கிறான் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சுருட்டைக் கேட்டிருக்க மாட்டார்கள். என்னைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பார்கள். அதற்குச் சுருட்டே தேவலை என்று எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டுப் புறப்பட்டேன்.

நடராஜன் சுன்னாகத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மிஷன் பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார். அவன் குடியிருந்த வீட்டுக்காரர் கந்தையா, புகையிலையும் வெங்காயமும் போடுகிற விவசாயி, கடிதம் போட்டிருந்தார். வாத்தியாருக்கு நெருப்புக் காய்ச்சல், ஆபத்து நீங்கிவிட்டது, ஆனாலும் நீங்கள் ஒருமுறை வந்து பார்ப்பது நல்லது என்று. நெருப்புக் காய்ச்சல் என்றால் என்னவென்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. என் மனைவி, தம்பி எங்கேயோ தீயில் சிக்கிக்கொண்டான் என்று முடிவு கட்டிப் புண்ணுக்குப் போட எண்ணெய் காய்ச்ச ஆரம்பித்துவிட்டாள். கடைசியில் எங்கள் ஊர் டாக்டர்தான் அது டைபாய்டு என்றும், கெட்ட தண்ணீரில் வருவது என்றும் சொன்னார்.

என் தொழில் சோடா. பெரிய கம்பெனி ஒன்றும் இல்லை. ஒரு மிஷின், ஒரு கொட்டகை, கோலி போட்ட பாட்டில்கள். ஆனால் தண்ணீர் விஷயத்தில் நான் சும்மா இருக்க மாட்டேன். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் தண்ணீரை ருசி பார்ப்பேன், பிறகுதான் கோயில். கூடவே எனக்கு மூக்கின் மேல் கோபம். இந்த இரண்டு குணத்தோடும் யாழ்ப்பாணம் போயிருக்கக் கூடாது.

மண்டபத்தில் எங்களை வரிசையாக நிறுத்தி நாக்கை நீட்டச் சொன்னார்கள், கண்ணிமையைப் புரட்டினார்கள், கையில் ஊசி குத்தினார்கள். இந்தியாவிலிருந்து வியாதி இலங்கைக்குப் போய்விடக் கூடாதாம். என் தம்பி வியாதியை இலங்கையில்தான் வாங்கினான் என்று சொல்லிப் பார்த்தேன். ஊசிக்காரர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அக்கரையில் ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த சாவகச்சேரிக்காரர் ஒருவர் ஓலைப்பெட்டியைத் திறந்து எனக்கும் புட்டு கொடுத்தார். அரிசிமாப் புட்டு, தேங்காய்ப்பூ, பொரித்த மிளகாய். கை கழுவாமல் சாப்பிட்டாலும் அமிர்தமாக இருந்தது. நெருப்புக் காய்ச்சலைப் பற்றிக் கேட்டேன். அது வருஷா வருஷம் மாரி கழிந்ததும் வரும், ஒரு சுற்றுச் சுற்றும், நாலு பேரைக் கொண்டுபோகும், பிறகு போய்விடும் என்றார். சித்திரை மாதம் வந்து போகிற மாமனாரைப் பற்றிச் சொல்வது போல அவ்வளவு நிதானமாகச் சொன்னார்.

சுன்னாகத்தில் இறங்கி ஒரு வாடகைக் காரைப் பிடித்தேன். அது பாதி வழியில் ஆவி கக்கி நின்றுவிட்டது. டிரைவர் பதற்றப்படவில்லை. பக்கத்து வீட்டு ஓலை வேலி மேல் வாளியை நீட்டினார். உள்ளேயிருந்து ஒரு கை அதை வாங்கி, தண்ணீர் நிரப்பித் திருப்பித் தந்தது. ஆள் யாரென்று தெரியவில்லை. இந்த ஊரில் ஆறு எங்கே ஓடுகிறது என்று டிரைவரைக் கேட்டேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். இங்கே ஆறே கிடையாதாம். ஆறு இல்லாமல் இத்தனை லட்சணமான பச்சையா? சிவந்த மண், வரிசை வரிசையாகப் புகையிலை, வாழை, வெங்காயம். எல்லாம் கிணறு. மழை விழுகிறது, சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்குகிறது, மனிதர்கள் அதைத் துலா, அதாவது நம் ஊர் ஏற்றம், போட்டு இறைக்கிறார்கள். காவிரிக்கரையில் பிறந்தவனுக்கு இது பெரிய ஆச்சரியம். இந்த ஜனங்களின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்று அந்த நிமிஷம் நினைத்தேன். இதை எழுதி வைக்கிறேன், ஏனென்றால் பிறகு அப்படி நினைக்கச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை.

நடராஜன் பாயில் பாதியாகக் கிடந்தான். தலைமயிர் கொட்டியிருந்தது. என்னைக் கண்டதும், "அண்ணா, பாட்டில் மிஷினை யார் பார்த்துக்கறா?" என்றான். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அப்போதிக்கரி, அதாவது அரசாங்க ஆஸ்பத்திரியின் சின்ன டாக்டர், இன்னும் சில வாரம் அவனை அசைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். ஆகவே நானும் அங்கேயே தங்கிவிட்டேன்.

கந்தையாவின் மனைவி செல்லம்மா எனக்கு இடியப்பமும் சொதியும் போட்டார். தண்ணீர் கேட்டேன். மூக்கு வைத்த வெண்கலப் பேணியில் கொண்டுவந்து, "பயப்படாமல் குடியுங்கோ. இது துடக்குக் கிணத்துத் தண்ணி இல்லை, கோயில் கிணத்துத் தண்ணி" என்றார்.

துடக்குக் கிணறு என்றால் என்ன? சாப்பிட்டு எழுந்ததும் போய்ப் பார்த்தேன். கந்தையா வீட்டுக்கும் இன்னும் சில வீடுகளுக்கும் பொதுவான பங்குக் கிணறு அது. அழகான கிணறு. கல்லை வெட்டிச் சதுரமாக இறக்கியிருந்தார்கள். தண்ணீர் அடியில் கண்ணாடி மாதிரி தெரிந்தது. துலாக் காலில் ஓர் அச்சடித்த காகிதம் ஒட்டியிருந்தது. 'அறிவித்தல். இக்கிணறு துடக்குடையது. இதன் நீரைப் பாவிக்கலாகாது. உத்தரவுப்படி.' துடக்கு என்றால் தொடர்பு என்று ஒரு பொருள் உண்டு. எதோடு தொடர்பு என்று சொல்லாமல் மொட்டையாக விட்டிருக்கிறார்களே என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தேன்.

நடராஜன் படுத்தபடியே சிரித்தான். துடக்கு என்பது இங்கே தீட்டு. பிள்ளை பிறந்தால் துடக்கு, செத்தால் துடக்கு. கொழும்பில் தண்ணீரைச் சோதித்தவர்கள் கிணற்றில் அசுத்தம் கலந்திருக்கிறது என்று இங்கிலீஷில் எழுதினார்கள். அதைத் தமிழாக்கிய யாரோ ஒரு புண்ணியவான், அகராதியைப் பார்த்தாரோ, தன் வீட்டுச் சம்பிரதாயத்தைப் பார்த்தாரோ, 'துடக்கு' என்று போட்டுவிட்டார். ஊரார் அதை ஊரார் பாஷையில் வாசித்துக்கொண்டார்கள். கிணற்றுக்குத் தீட்டுப் பட்டிருக்கிறது, அரசாங்கமே கண்டுபிடித்துவிட்டது. இனிப் பட வைத்தது யார் என்பதுதான் கேள்வி.

அதற்கு விடையும் தயாராக இருந்தது. அதே கிணற்றில் பங்குள்ள இன்னொரு வீட்டில் பொன்னம்மா என்று ஒரு பெண். முப்பது வயதுகூட இராது. அவள் புருஷன்தான் அந்த வருஷம் நெருப்புக் காய்ச்சலில் முதலில் செத்தவன். சாவு வீட்டுக்காரர் அந்தியேட்டி என்ற சடங்கு முடியும்வரை, கிட்டத்தட்ட ஒரு மாதம், பொதுக் கிணற்றில் கை வைக்கக் கூடாது. சுற்றத்தார் அள்ளிக் கொடுப்பார்கள். ஒரு நாள் மத்தியானம் சுற்றத்தார் யாரும் வரவில்லை. குழந்தை தாகத்துக்கு அழுதது. பொன்னம்மா போய் ஒரு வாளி அள்ளினாள். அதை யாரோ பார்த்தார்கள். அப்போது பெரிதாக ஒன்றும் பேசவில்லை. நோட்டீசு ஒட்டிய அன்றைக்குப் பேசினார்கள்.

அதன் பிறகு அந்தியேட்டி முடிந்தும் அவளைக் கிணற்றடிக்கு விடவில்லை. கோயில் கிணற்றுக்கும் விடவில்லை. காய்ச்சலில் விழுந்த ஒவ்வொருவரும், என் தம்பி உட்பட, அவளால் விழுந்தவர்கள் என்று கணக்கு. அவள் குழந்தையையும் கூட்டிக்கொண்டு, பனங்காணி தாண்டி, புகையிலைத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து குடம் சுமந்தாள். காலையில் பல் துலக்கும்போது அவள் ஒழுங்கையில், வேலிகளுக்கு நடுவான சந்தில், போவதைப் பார்த்தேன். வேலிக்குள் பேசிக்கொண்டிருந்த பெண்கள் அவள் தாண்டும்வரை பேச்சை நிறுத்தினார்கள்.

எங்கள் ஊர் மட்டும் என்ன யோக்கியம்? எங்கள் தெருக் குளத்தில் எருமை புரளும், பிள்ளைகள் கால் கழுவும், அதையே குடத்தில் மொண்டு சமைப்போம். சேரி ஆள் மட்டும் படியில் கால் வைத்தால் குளம் கெட்டுவிடும். இங்கேயும் அதுதான். எங்கள் ஒழுங்கையிலேயே கிணற்றுக்கு எட்ட நின்று, யாராவது பெரிய மனசு பண்ணிக் குடத்தில் ஊற்றுவார்களா என்று வெயிலில் காத்திருக்கிற பெண்களைப் பார்த்தேன். கடலைத் தாண்டினாலும் நம் ஜனங்களுக்கு அழுக்கு எது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆள்தான் தெரிகிறது.

இரண்டொரு நாளில் விதானையார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். விதானையார் என்றால் அரசாங்கம் வைத்த ஊர்த் தலைவர். நல்ல மனிதர். நெற்றி நிறைய விபூதி, மிருதுவான பேச்சு. தேநீரும் கடித்துக்கொள்ளப் பனங்கட்டியும் கொடுத்தார். பிறகு, வடக்கத்தி ஐயாவுக்கு, அதாவது இந்தியாக்காரனான எனக்கு, ஒரு புதுமை காட்டுகிறேன் என்று கொல்லைக்கு அழைத்துப் போனார். அங்கே ஓடு போட்டு, வெள்ளையடித்து, கதவும் கொண்டியுமாக ஒரு சிற்றறை. கக்கூசு. இந்த ஊரிலேயே முதல் கக்கூசாம். வீட்டுக்கு ஒன்று கட்ட வேண்டும் என்று சுகாதாரப் பகுதி உத்தரவு போட்டதும் இவர்தான் வழிகாட்டினாராம். கல் நிலத்தில் குழி தோண்டுவது பெரிய பாடு என்று, தூர்ந்து கிடந்த பழைய கிணற்றின் மேலேயே பலகை பாவி அறையை எழுப்பிவிட்டார். செலவும் மிச்சம், ஆழமும் மிச்சம். எத்தனை வருஷமானாலும் நிரம்பாது என்று பெருமைப்பட்டார்.

நான் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம் துலா தெரிந்தது. பங்குக் கிணற்றின் துலா.

தொடர்பு என்று நான் தப்பாகப் படித்ததுதான் சரியான பொருள். அங்கே நின்றபடி எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விதானையாரிடம் சொன்னேன், நயமாகத்தான் சொன்னேன், என்னால் முடிந்த நயம். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மெல்லச் சிரித்து, என்னைத் திரும்பவும் வீட்டுக்குள் அழைத்துப் போய் இன்னொரு கோப்பை தேநீர் வரவழைத்தார். குடும்பத்தில் வருத்தம் இருக்கும்போது மனசு இப்படித்தான் எதையாவது நினைக்கும் என்று எனக்கு ஆறுதல் சொன்னார். சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை. ஆறுதல் சொன்னதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கந்தையாவிடம் வந்து கத்தினேன். அவர் வெங்காயத் தாள் அரிந்துகொண்டிருந்தார்.

"அந்தக் கிணற்றுக்கும் இந்தக் கிணற்றுக்கும் அடியில் ஊற்று ஒன்றா இல்லையா?"

"ஒண்டுதான். இஞ்சை துலா மிதிச்சு இறைச்சால் அங்கை தண்ணி இறங்கும். அது சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே."

"அப்படியானால் அங்கே விழுவது இங்கே வராதா?"

கந்தையா அரிவதை நிறுத்தினார். யோசித்தார். அவர் முட்டாள் இல்லை. கணக்கு அவருக்குப் புரிந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. பிறகு அவர் அந்தக் கணக்கைக் கையால் ஒதுக்கித் தள்ளியதையும் பார்த்தேன்.

"விதானையார் ஒரு நாளும் பூசை தவறாத மனிசன் ஐயா. அவரின்ரை வீட்டிலை இருந்து துடக்கு வருமோ?" என்றார்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். துடக்கு என்ற சொல் இருக்கும்வரை எல்லா வழியும் பொன்னம்மா வீட்டு வாசலில்தான் போய் முடியும்.

நடுவில் ஒரு நாள், தம்பி பிழைத்ததற்குச் செல்லம்மா வைத்திருந்த நேர்த்தியைச் செலுத்தத் பேரில் மட்டும் ஆறு உள்ள தொண்டைமானாற்று முருகன் சந்நிதிக்குப் போனோம். பஸ்ஸில் ஆளும் மரவள்ளி மூட்டையும் ஒரே விலை. பாதி வழியில் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கிப் பனைமர நிழலில் நின்றோம். முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் எங்களுக்குப் பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். சுன்னாகப் பக்கத்தில் ஒரு கைம்பெண் துடக்கோடு கிணற்றில் அள்ளினாளாம்; கவுண்மெந்தே நோட்டீசு ஒட்டிவிட்டதாம்; எத்தனை உயிர் போச்சுதோ என்றாள் ஒருத்தி. நல்ல காலம் அவள் தங்கள் ஊர்க்காரி இல்லை என்றாள் மற்றவள். செல்லம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அப்போதுதான் விஷயத்தின் கனம் தெரிந்தது. அந்தக் காகிதம் துலாக் காலில் இருக்கும்வரை பொன்னம்மாவுக்கு இந்தத் தீபகற்பத்திலேயே நிற்க இடம் இல்லை. அவள் மகள் வளர்ந்து கல்யாண வயது வரும்போதும் இந்தக் கதை முன்னால் போய் உட்கார்ந்திருக்கும்.

சந்நிதியில் முருகனிடம் நான் எதையும் கேட்கவில்லை. கடல் நீர் முகத்துவாரத்தால் உள்ளே ஏறி, சுற்றுவட்டாரக் கிணறுகளை உவராக்குவதைப் பற்றி அங்கே ஒரு மீனவர் சொன்னார். வாயை அடைத்தால் நல்ல தண்ணீராகும் என்று மனுவுக்கு மேல் மனு எழுதுகிறார்களாம். மனு எழுதுவதில் யாழ்ப்பாணத்தாரை யாரும் மிஞ்ச முடியாது. ஒரு கக்கூசை இடம் மாற்றத்தான் இங்கே ஆள் இல்லை.

மறுநாளே சுன்னாகம் சந்தைக்குப் போய் சுகாதார இன்ஸ்பெக்டரைப் பிடித்தேன். வெங்காயக் குவியல்களுக்கு நடுவே தொப்பியோடு நின்றுகொண்டிருந்தார். இளைஞர், படித்தவர், மரியாதையானவர். நான் சொன்னதை எல்லாம் ஒப்புக்கொண்டார். கிணற்றில் கலந்திருப்பது மலம் என்பதும் அவருக்குத் தெரியும். எங்கிருந்து கலக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அந்த இடம் வந்ததும் விதானையாரும் ஓர் உத்தியோகஸ்தர் என்று சொல்லி வெங்காயத்தைப் பார்த்தார். சரி, கக்கூசை விடுங்கள், அந்தச் சொல்லையாவது மாற்றுங்கள் என்றேன். மலம் கலந்த தண்ணீர், காய்ச்சாமல் குடிக்காதே என்று பச்சையாக எழுதுங்கள், ஒரு பெண்ணின் தலை தப்பும் என்றேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது.

"அப்பிடி எழுதேலாது ஐயா. பொம்பிளையள் வந்து போற இடம். கவுண்மெந்து நோட்டீசிலை மலம் எண்டு போட்டால் மரியாதையாய் இருக்குமோ?"

அதைக் குடிக்கலாம், எழுதத்தான் கூடாதா என்று கத்தினேன். சந்தையே திரும்பிப் பார்த்தது. வெங்காயம் விற்ற ஒரு கிழவி, இந்த மனுஷனுக்கு என்ன விசர் என்று பக்கத்துக்காரியிடம் கேட்டாள். விசர் என்றால் பைத்தியம். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது.

திரும்பி வந்தால் வீட்டில் சந்தோஷச் செய்தி. விதானையார் முன்னின்று நல்ல நாள் பார்த்துவிட்டார். கிணற்றைக் கலக்கி இறைத்து, ஐயரைக் கொண்டு புண்ணியதானம் செய்து, துடக்குக் கழிப்பது என்று ஏற்பாடு. அன்றோடு பொன்னம்மாவையும் கிணற்றடியில் சேர்த்துக்கொள்வதாம். விதானையாரின் பெரிய மனசை எல்லோரும் மெச்சினார்கள். தப்பான காரணத்துக்கானாலும் இந்த ஜனங்கள் அந்தத் தண்ணீரைத் தொடாமல் இருந்தார்கள். புதிதாக ஒருவரும் காய்ச்சலில் விழவில்லை. இப்போது மந்திரம் சொல்லி, எல்லோரையும் அதே கிணற்றுக்கு வரவேற்கப் போகிறார்கள்.

அன்று காலை ஊர் ஆண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். துலாவில் இருவர் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, ஒருவர் பட்டை பிடித்துக் கவிழ்க்க, தண்ணீர் வாழைக்குள் ஓடியது. சளைக்காத உழைப்பு. ஆள் மாறி ஆள் மிதித்தார்கள். தண்ணீர் இறங்க இறங்கக் கல் சுவர் தெரிந்தது. அடிமட்டத்துக்கு வந்தபோது நான் குனிந்து பார்த்தேன். விதானையார் வீட்டுப் பக்கத்துச் சுவரில் கை நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. அதிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று உள்ளே பாய்ந்துகொண்டிருந்தது. ஊற்று நல்லாய்ச் சுரக்குது என்று ஒருவர் சந்தோஷப்பட்டார். சுத்தம் செய்கிறோம் என்று இவர்கள் அந்தக் குழியை வலிந்து இழுத்து இங்கே கொண்டுவந்தார்கள். நான் அந்த வெடிப்பைக் காட்டிச் சத்தம் போட்டேன். விருந்தாளி என்பதால் யாரும் கோபிக்கவில்லை. வெயிலில் நிற்காதீர்கள் என்று கந்தையா என் தோளைப் பிடித்து நிழலுக்கு அழைத்துப் போனார்.

மாவிலை, மஞ்சள், ஐயர், மந்திரம் எல்லாம் முடிந்தது. பொன்னம்மாவை அழைத்தார்கள். நனைந்த தலையோடு, குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒரு மாதத்துக்கு மேல் ஆனபின் அன்றுதான் அந்தக் கயிற்றைத் தொட்டாள். முதல் வாளி அவள் கையால் அள்ள வேண்டும் என்றார் விதானையார். பிறகு என்னைக் காட்டி, கடல் கடந்து வந்த பெரிய மனிதர், அவருக்கு முதல் பேணியை அவள் கொடுக்கட்டும், அவர் குடித்துவிட்டால் இனி யாரும் வாய் திறக்க முடியாது என்றார். உண்மையிலேயே அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்.

அவள் பேணியோடு என் முன்னால் வந்து நின்றாள். ஊரே பார்த்தது. நான் குரலைத் தாழ்த்தி, இந்தத் தண்ணீர் வேண்டாம் அம்மா, நீயும் குடிக்காதே, குழந்தைக்கும் கொடுக்காதே என்றேன்.

"எனக்குத் தெரியும் அண்ணை, வாத்தியார் சொன்னவர்" என்றாள் அவளும் மெல்ல. "நீங்கள் குடியாட்டி என்ரை கையைத்தான் குறை சொல்லுவினம். தண்ணியை ஒருத்தரும் குறை சொல்லமாட்டினம்."

பேணியை அசைக்காமல் பிடித்திருந்தாள். அசைந்தால் தண்ணீர் தளும்பும், அதற்கும் ஓர் அர்த்தம் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும் போலிருக்கிறது.

குடித்தால் நானும் பாயில். குடிக்காவிட்டால் அவள் கதி முடிந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு ஆத்திரம் எனக்கு வந்ததில்லை. ஆத்திரத்திலேயே வாயில் வந்ததைச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் நல்ல காரியத்துக்குப் பச்சைத் தண்ணீர் கொடுக்கும் வழக்கம் இல்லை, தேநீர்தான் கொடுப்போம், தங்கச்சி தன் வீட்டு அடுப்பில் இந்தத் தண்ணீரில் தேநீர் போட்டுத் தரட்டும், எனக்கு மட்டும் அல்ல, எல்லோருக்கும் என்றேன். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கமும் இல்லை. மன்னார்குடியில் பாதிப் பேருக்கு அப்போது தேநீரே பழக்கமில்லை.

விதானையார் தலையசைத்தார். பொன்னம்மா வீட்டுக் குசினியில் அடுப்பு எரிந்தது. செல்லம்மா பனங்கட்டி கொண்டு ஓடினார். தண்ணீர் கொதிக்கும்வரை நான் அடுப்பை விட்டு நகரவில்லை. கொதித்த பிறகும் இன்னும் கொஞ்சம் என்று நிறுத்தி வைத்தேன். முதல் பேணியை நான் குடித்தேன். பிறகு ஐயரைத் தவிர அத்தனை பேரும் அவள் கையால் வாங்கிக் குடித்தார்கள். செல்லம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்று காலையிலிருந்து முதல் தடவையாக நான் மூச்சு விட்டேன்.

மூச்சை முழுதாக விடுவதற்குள் எல்லோரும் கிணற்றடிக்குத் திரும்பிவிட்டார்கள். வெயிலில் துலா மிதித்து வந்த தாகம். வாளி வாளியாக அள்ளி, பச்சையாக, வயிறு நிறையக் குடித்தார்கள். என்ன ருசி, புதுத் தண்ணீர் என்றார்கள். நான் போட்ட கூச்சலுக்குச் சிரித்து, காய்ச்சின தண்ணீர் வருத்தக்காரருக்கு, அதாவது நோயாளிக்குத்தான், எங்களுக்கு என்ன வருத்தம் என்றார் கந்தையா. என் தம்பிக்கு மட்டும் காய்ச்சினார்கள், அப்போதிக்கரி சொன்னதால்.

சில நாளில் இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். கிணறு இறைத்தாயிற்று, துடக்குக் கழித்தாயிற்று என்று விதானையார் அறிவித்திருந்தாராம். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்க்காமல் துலாக் காலில் இருந்த காகிதத்தை நகத்தால் சுரண்டி எடுத்தார். சொல்லில் எழுதியிருந்த குற்றம் நீங்கிவிட்டது. அரசாங்கத்துக்கு அது போதும். அவருக்கு நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அவர் நோட்டீசில் எழுத மறுத்த வார்த்தையும் அதில் உண்டு.

நாங்கள் புறப்படுகிற வாரம் விதானையாரின் மருமகள் நெருப்புக் காய்ச்சலில் விழுந்தாள். துலா மிதித்தவர்களில் ஒருவரும் விழுந்தார். மாரி கழிந்தால் அப்படித்தான் என்றார்கள். பொன்னம்மாவை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குத்தான் எல்லாம் கழிந்துவிட்டதே.

தம்பியைக் கைத்தாங்கலாகக் காரில் ஏற்றினோம். பொன்னம்மா படலைக் கதவுக்கு வெளியே இடுப்பில் குடத்தோடு நின்றாள். நான் இறங்கிப் போய், குழந்தைக்குக் காய்ச்சிக் கொடுக்கிறாயா என்று கேட்டேன்.

"ஓம் அண்ணை. குசினிக் கதவைச் சாத்திப்போட்டுத்தான் காய்ச்சிறனான். கண்டினம் எண்டால், அவளுக்கு இன்னும் கிணத்திலை சந்தேகம், அப்ப துடக்கு அவளட்டைத்தான் எண்டு துவங்கிவிடுவினம்."

உனக்கு, என்று கேட்டேன்.

"நான் கிணத்தடியிலை நிண்டு, எல்லாரும் பாக்கக் குடிக்கிறன்" என்றாள். "எங்கடை வீட்டிலை ஒரு ஆளெண்டாலும் குடிக்கிறதை அவை காணவேணுமெல்லோ."

ஒழுங்கையில் வேறு இரண்டு பெண்கள் குடத்தோடு வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் அவளைப் பார்த்துச் சிரித்து, வா என்று கூப்பிட்டார்கள். அவளும் சிரித்துக்கொண்டு, என்னிடம் போய்வாருங்கள் என்று சொல்லிவிட்டு, அவர்களோடு தண்ணீர் அள்ளப் போனாள்.